செய்தியும் பதிவேடும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புகைவண்டி இலாகாவில் குமாஸ்தாவாகக் காலம் கழித்துவரும் எனக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். இப்பொருளைப் பற்றிப் பேசத் தகுந்த பொறியாளர்கள் இந்த ஜீவனஹள்ளியில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆயினும் செயலாளர் அவர்கள் என்னையே பேசுமாறு பணித்ததற்குக் காரணம் உண்டு. தவறு செய்தவன் நான். ஆகவே அதனை எடுத்துரைக்கும் கடமையும் எனக்கே உரியது.

சென்ற ஆண்டு, பள்ளிக் கட்டண உதவி வேண்டுவோர் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. விண்ணப்பங்களெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தன. இரவு உணவுக்குப் பின் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வேன். காலை வணக்கங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும் கோயில் படங்களும் வந்து குவிந்த ஒரு நாளில், ஒரு தாயாரின் விண்ணப்பம் அவற்றின் அடியிற் புதைந்துபோயிற்று. நான் காணவில்லை. கணவரை இழந்து, நாலு வீடுகளில் வேலை செய்து மகளைப் படிக்க வைக்கும் அம்மையார் அவர். உதவித்தொகை வழங்கிய நாளன்று மகளையும் அழைத்துவந்து, பெயரைக் கூப்பிடுவார்கள் என்று கடைசிவரை காத்திருந்தார். “அனுப்பினேனே ஐயா” என்று அவர் சொன்ன சொல் இன்னமும் என் செவியில் ஒலிக்கிறது. அன்று மாலையே உறுப்பினர் சிலர் கூடிப் பணம் திரட்டிக் கொடுத்தோம். ஆனால் அந்தச் சிறுமி தலைகுனிந்து நின்றதற்கு நம்மால் ஈடு செய்ய இயலவில்லை.

அவர் அனுப்பியது உண்மை. அது பட்டியலில் சேரவில்லை என்பதும் உண்மை. அனுப்புதல் வேறு, சேர்தல் வேறு. இவ்வுரையில் நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

பேசுவதற்கு ஓர் இடமும் கணக்கு எழுதுவதற்கு வேறோர் இடமும் எந்த அலுவலகத்திலும் உண்டு. இன்று இவ்விரண்டும் கணிப்பொறிக்குள் வந்துவிட்டன. முன்னதற்கு ஸ்லாக் என்னும் செயலி ஓர் எடுத்துக்காட்டு. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு என்பவரின் குழுவினர் ஒரு கணிப்பொறி விளையாட்டை உருவாக்கிவந்தபோது, தமக்குள் பேசிக்கொள்வதற்காகச் செய்துகொண்ட கருவி அது. விளையாட்டு 2012-இல் மூடப்பட்டது. கருவியோ 2013-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. பின்னதற்கு, கூகுள் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட இணைய விரிதாள் எடுத்துக்காட்டாகும். ஒரே பேரேட்டைப் பத்து ஊர்களிலிருந்து பத்துப் பேர் ஒரே நேரத்தில் திறந்து எழுதலாம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்திருக்கும் நம் ஸோஹோ நிறுவனமும் இவ்விருவகைக் கருவிகளையும் அளிக்கிறது.

இவ்விரண்டிற்கும் நடுவே ஓர் ஆள் உட்கார்ந்து நகலெடுப்பதுதான் நான் செய்துவந்த வேலை. அந்த நகல் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்று நம் இளைஞர் ஒருவர் எனக்குக் கற்பித்தார். இவ்வாண்டு நாம் செய்த ஏற்பாடு இதுதான்.

விண்ணப்பிப்போர் கைப்பேசியில் கூகுள் படிவம் ஒன்றை நிரப்புகிறார்கள். நிரப்பத் தெரியாதவர்க்கு நம் தொண்டர்கள் நிரப்பித் தருகிறார்கள். அது உடனே விரிதாளில் ஒரு வரிசையாகப் பதிவாகிறது. விரிதாளோடு ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்னும் கட்டளைத் தொகுப்பு ஒன்றை இணைத்திருக்கிறோம். புது வரிசை விழுந்ததும் அது விழித்துக்கொண்டு, ஸ்லாக்கில் உள்ள நம் குழுவுக்கு “புதிய விண்ணப்பம், எண் இன்னது” என்று அறிவிக்கிறது. பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் குழுவுக்குச் செல்வதில்லை. பிறர் வறுமையைப் பலர் பார்க்க வேண்டுவதில்லை. உறுப்பினர் ஒருவர் வீட்டுக்குச் சென்று விசாரித்து, விரிதாளில் ‘பார்த்தாயிற்று’ என்று குறிக்கிறார். மாலை தோறும் அதே கட்டளைத் தொகுப்பு, இன்னும் பார்க்கப்படாதவற்றை எண்ணிக் குழுவுக்குத் தெரிவிக்கிறது.

செய்தி செயலியே போதாதா என்று கேட்கலாம். போதாது. ஸ்லாக்கை இலவசமாகப் பயன்படுத்தும் நம் போன்றோர்க்கு 90 நாள்களுக்கு முந்திய உரையாடல் கண்ணுக்குப் புலப்படாது. பேச்சு ஓடும் நீர், பதிவேடே கிணறு.

எதிர்த் திசையிலும், அதாவது குழுவில் இட்ட செய்தியை விரிதாளில் எழுதுமாறும், ஏற்பாடு செய்யலாம். ஆனால் அங்கே ஒரு நுட்பம் உண்டு. ஸ்லாக் ஒரு செய்தியை நம் கட்டளைத் தொகுப்புக்கு அனுப்பிவிட்டு, 3 வினாடிக்குள் ‘கிடைத்தது’ என்னும் மறுமொழியை எதிர்பார்க்கும். வராவிடில் மீண்டும் அனுப்பும். நம் பக்கம் சற்றே தாமதித்தால் ஒரே விண்ணப்பம் இரண்டு வரிசைகளாகிவிடும். ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் உள்ள தனி அடையாள எண்ணையும் பதிந்துகொண்டு, அவ்வெண் முன்பே இருந்தால் மறுபடி எழுதாதே என்று கட்டளையிட வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு வியப்பு உண்டாகவில்லை. எங்கள் இலாகாவில் ஒரு நிலையத்தார் அடுத்த நிலையத்தாரிடம் ‘லைன் கிளியர்’ கேட்கும்போது, வெறும் சொல்லை நம்பி வண்டியை விடுவதில்லை. ‘பிரைவேட் நம்பர்’ என்னும் எண்ணைச் சொல்லி உறுதிசெய்து, அதனைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுப் பகுதிக்கு இருப்புப்பாதை வந்தது 1864-இல். அன்று தொட்டுப் புகைவண்டிக்காரன் அறிந்த பாடம், பதில் வராத செய்தி செய்தியாகாது என்பதே.

இப்பாடத்தை மறந்தால் பெரிய அரசாங்கங்களும் இடறும். 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், கொரோனாப் பரிசோதனை முடிவுகளை இயந்திரமே விரிதாளில் சேர்த்துவந்தது. பயன்படுத்திய கோப்போ பழைய வகை. அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. நிரம்பியபின் வந்தவை உள்ளே சேரவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 நோயாளிகளின் விவரம் நாள்தோறும் வெளியிட்ட கணக்கில் விடுபட்டது. அவர்களோடு பழகியவர்களை எச்சரிப்பதும் தாமதமாயிற்று. அனுப்பிய எண்ணிக்கையையும் சேர்ந்த எண்ணிக்கையையும் ஒருவர் ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே வெளிப்பட்டிருக்கும்.

நம் சிறிய சங்கத்திலும் இத்தகையதொன்று நிகழ்ந்தது. நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தோடு விரிதாளின் நடுவில் புதிய பத்தி ஒன்றைச் சேர்த்தார். கட்டளைத் தொகுப்போ பழைய இடத்தையே பார்த்து, மாலையில் “நிலுவை எதுவுமில்லை” என்று அறிவித்தது. நாங்கள் மகிழ்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை நானே ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்து எண்ணியபோது மூன்று விண்ணப்பங்கள் பார்க்கப்படாமல் இருந்தன. இப்பொழுது பத்தியை அதன் தலைப்பைக் கொண்டு கண்டுபிடிக்குமாறு திருத்தியிருக்கிறோம்; தலைப்பு வரிசையை எவரும் மாற்றாதவாறு பூட்டியும் இருக்கிறோம். சுழியத்தில் தொடங்கும் வங்கிக் கணக்கு எண்களில் அச்சுழியத்தை விரிதாள் விழுங்கிவிடும் என்பதையும் கண்டு, அப்பத்தியை எழுத்தாகக் கருதும்படி அமைத்தோம். எனினும் ஞாயிற்றுக்கிழமை எண்ணும் வழக்கத்தை நான் விடவில்லை.

இவ்வாறு இயந்திரம் எழுதத் தொடங்கினால் குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று என் அலுவலகத் தோழர்கள் கேட்கிறார்கள். அவ்வச்சம் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். 1980-களில் இருக்கை முன்பதிவு கணிப்பொறிக்கு மாறத் தொடங்கியபோது எனக்கு மூத்தவர்களும் அவ்வாறே அஞ்சினார்கள் என்று கேட்டிருக்கிறேன். பெரிய பேரேடுகளைப் புரட்டும் வேலை மறைந்தது மெய். நகலெடுக்கும் வேலை இனியும் குறையும். ஆனால் கணக்கு நேராகாதபோது “இதற்கு நான் பொறுப்பு” என்று எழுந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் இனிக் குமாஸ்தா என்று பெயர். அதற்கேற்ற பயிற்சியை நாமும் பெறவேண்டும். இளைஞர்களிடம் கேட்டுக் கற்பதில் வெட்கம் வேண்டுவதில்லை.

இறுதியாக ஒன்று. இவ்வாண்டு படிவம் திறந்த அன்றே நான் அந்த அம்மையாரின் வீட்டுக்குச் சென்றேன். மகளே கைப்பேசியை வாங்கிப் படிவத்தை நிரப்பினாள். சற்று நேரத்தில் என் கைப்பேசியில் ஸ்லாக் ஒலித்தது. விரிதாளைத் திறந்து அவள் பெயர் இருந்த வரிசையைக் காட்டினேன். அவள் தன் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, “சேர்ந்துவிட்டது அம்மா” என்று தாயிடம் சொன்னாள்.

அவ்வளவே நான் சொல்ல விரும்பியது.