காமன் பொட்டலும் தப்பு இசையும்

ஆடலுக்கு மேடை வேண்டும் என்று நகரத்தார் எண்ணுவர். மேடையே வேண்டாத கூத்து ஒன்று ஊவா மலைச் சாரல்களில் உண்டு. அதுவே காமன் கூத்து.

மாசி மாதத்தில், அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும், பதுளை, பசறை, லுணுகலைப் பகுதித் தோட்டங்களில் காமன் ஊன்றுவார்கள். லயங்களை அடுத்த வெட்டவெளியே அதற்குரிய களம். காமன் பொட்டல் என்பது அதன் பெயர். நிறைவு இரவில் ரதி, மதன், வீரபத்திரன், எமன் முதலிய வேடங்கள் தோன்றும். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மதன் எரிவான், ரதி புலம்புவாள். ஆடுவோரும் காண்போரும் ஒரே தோட்டத்து மக்கள். இருசாராரும் நிற்பது ஒரே மண்ணில்.

இக்கூத்துக்கு உயிர் தப்பு. வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோலைத் தீயில் காய்ச்சி, பருத்த குச்சி ஒன்றாலும் மெல்லிய குச்சி ஒன்றாலும் அடிப்பர். மதனின் வருகைக்கு ஓர் அடி; வீரபத்திரனின் சினத்துக்கு வேறோர் அடி. முற்காலத்தில் வைகறையில் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்ததும் இத்தப்பே. சாவு வீட்டில் ஒலிப்பதும் இதுவே.

அயர்லாந்து நாட்டிலும் மக்கள் வீட்டுச் சமையற்கூடங்களிலும் நாற்சந்திகளிலும் பிடில், குழல் இசைக்கு ஆடிவந்தனர். 1935ஆம் ஆண்டில் வந்த பொது நடனக்கூடச் சட்டம் உரிமம் பெற்ற கூடங்களையே வேண்டியது. வீட்டு நடனங்கள் அருகின. களம் மாறினால் கலையும் மாறும் அன்றோ?

இதை நான் சட்டத்தால் அன்று, என் தவற்றால் அறிந்தேன். பாடசாலை விழா ஒன்றில் காமன் கூத்தை மேடையேற்றினோம். மண்டபத்தருகே தீ மூட்டலாகாது என்றேன். தோல் தளர்ந்த தப்பு ஒலி குன்றியது. கலைஞர்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினோம். முடிவில் மாலை பெற்றோர் வரிசையில் அவர்கள் இல்லை. அப்பட்டியலை எழுதியவன் நானே.

மறுநாள் அவர்களுள் முதியவர் ஒருவர், “ஐயா, பொட்டலுக்கு வந்து கேளுங்கள்” என்றார். அம்மாசியில் சென்றேன். நெருப்பருகே தப்பு முழங்கியது. நான் கல்வி கற்பித்த பிள்ளைகள் என் கண்முன் ஆடினர். ஆயினும் தப்பைக் கையிலெடுத்த பிள்ளை ஒருவனும் இல்லை. அடிப்பவரைத் தாழ்ந்தவராக எண்ணும் பழக்கம் அவர்களைத் தடுத்தது.

நேயர்களே, கூத்தைக் காக்க விரும்பினால் முதலில் தப்புக் கலைஞருக்குச் சபையில் முன்னிருக்கை அளிப்போம். பிள்ளைகளின் கை தானாகவே குச்சியை நாடும்.