வழக்கறிஞர் யாருக்காக வேலை செய்கிறார்?

(தொழிலாளர் குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மக்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி எந்தச் சட்டத்தைப் பற்றியதும் அல்ல. "லாயரை நம்பலாமா?" என்பதுதான். பணம் கட்டிய பிறகு போனை எடுப்பதில்லை, வழக்குத் தேதி தள்ளிக்கொண்டே போகிறது, என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை என்கிறார்கள். இந்தக் குறைகளில் உண்மை உண்டு. ஆனால் நாணயமான வழக்கறிஞரும் சில நேரம் உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்வார். எது ஏமாற்று, எது கடமை என்று பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி உதவும். இந்த வழக்கறிஞர் யாருக்காக வேலை செய்கிறார்?

பையனைப் போலீஸ் பிடித்துவிட்டது. அம்மா சங்கிலியை அடகு வைத்துப் பீஸ் கட்டுகிறார். பையனைப் பார்த்துவிட்டு வந்த வழக்கறிஞரிடம், "என்ன சொன்னான்?" என்று கேட்கிறார். "அதை நான் சொல்ல முடியாதும்மா" என்கிறார் வழக்கறிஞர். அம்மாவுக்குக் கோபம் வருகிறது. பணம் கட்டியது நான்தானே?

பணம் கட்டியது அம்மாதான். ஆனால் கட்சிக்காரர் பையன். கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. தான் சொல்வதெல்லாம் வீட்டுக்குப் போகும் என்று தெரிந்தால் அவன் உண்மையைச் சொல்ல மாட்டான். உண்மை தெரியாமல் எந்த வழக்கறிஞராலும் அவனைக் காப்பாற்ற முடியாது.

அண்ணன் தம்பி இருவரையும் ஒன்றாகப் பிடித்தாலும் இதே கதைதான். ஒரே லாயர் போதும், செலவு மிச்சம் என்று வீட்டில் நினைப்பார்கள். ஆனால் மோட்டாரில் இருந்த பை தம்பியுடையது என்று அண்ணன் சொன்னால்? ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரை மாட்டிவிட வேண்டிவரும். "தம்பிக்கு வேறு லாயர் பாருங்கள்" என்று அவர் சொல்வது பணத்துக்காக அல்ல.

அடுத்தது ரிமாண்ட். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்றும், தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச அவருக்கு உரிமை உண்டு என்றும் நம் அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு சொல்கிறது. 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமென்றால் முதலில் அதிகபட்சம் 4 நாள், பிறகு 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ, மரண தண்டனையோ என்றால் 7 நாள், பிறகு இன்னும் 7 நாள். இந்த நாட்களில்தான் குடும்பம் தவித்துப்போய், "பாலாயில யாரையாவது பிடிச்சு முடிச்சிடுங்க, எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறது.

அந்தத் தவிப்பு எனக்குப் புரியும். ஆனால் "எனக்கு இன்ஸ்பெக்டரைத் தெரியும், இவ்வளவு கொடுங்கள்" என்று சொல்லும் வழக்கறிஞரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். லஞ்சம் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். அந்தப் பணம் இன்ஸ்பெக்டருக்குப் போனதா, லாயரின் பாக்கெட்டிலேயே நின்றதா என்று உங்களுக்குத் தெரியவும் போவதில்லை. அதற்காகப் புகார் கொடுக்கவும் உங்களால் முடியாது.

இப்போது என் தொழிலில் ஆகக் கடினமான இடத்துக்கு வருகிறேன். திருட்டுக் குற்றச்சாட்டு, குற்றவியல் சட்டம் 379ஆவது பிரிவு. 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "நான் எடுக்கலண்ணே" என்கிறான் பையன். ஜாமீன் 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 300 வெள்ளிகூட இல்லை. ஜாமீன் கட்டாவிட்டால் விசாரணை முடியும்வரை சுங்கை பூலோ போன்ற சிறையில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று பக்கத்தில் இருப்பவன் சொல்கிறான். அம்மாவும் அழுகிறார்: "ஒத்துக்கச் சொல்லுங்க தம்பி, புள்ள வீட்டுக்கு வரட்டும்."

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள் என்று நான் சொல்ல முடியாது. ஒப்புக்கொள்பவர் அதன் விளைவைப் புரிந்துகொண்டு, எந்த நிபந்தனையும் இல்லாமல்தான் ஒப்புக்கொள்கிறாரா என்று மாஜிஸ்திரேட் உறுதிசெய்ய வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு "நான் செய்யவில்லை" என்று மேல்முறையீடு செய்யவும் முடியாது. தண்டனை அதிகம், அல்லது சட்டப்படி சரியில்லை என்று மட்டுமே முறையிடலாம். பதிவு நின்றுவிடும். பாதுகாவலர் வேலைக்குப் போனாலும் தொழிற்சாலைக்குப் போனாலும் அது கூடவே வரும். அபராதமாக மட்டும்தான் முடியும் என்றும் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அதனால் வழக்கறிஞர் செய்ய வேண்டியது வேறு. ஜாமீனைக் குறைக்க மனு போட வேண்டும். மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். விசாரணைத் தேதியை முன்னுக்குக் கொண்டுவரக் கேட்க வேண்டும். இவ்வளவும் விளக்கிய பிறகு முடிவெடுப்பது பையன். அம்மாவும் அல்ல, நானும் அல்ல. அவன் நிஜமாகவே செய்தவனாக இருந்தாலும் அவனுக்காக வாதாட வேண்டும். அரசு தரப்பு குற்றத்தை நிரூபிக்கட்டும் என்று நான் சொல்லலாம். பொய்ச் சாட்சியைக் கூண்டில் ஏற்ற மட்டும் முடியாது.

இனி சாலை விபத்து. மோட்டாரில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது அன்றாட ஆபத்து. மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போதே ஒருவர் வருவார். தமிழில் அன்பாகப் பேசுவார், கையில் 500 வெள்ளி கொடுப்பார், வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்குவார். "பீஸ் ஒன்றும் வேண்டாம், காப்புறுதிப் பணம் வந்ததும் பாதி" என்பார். இவர் வழக்கு பிடிக்கும் ஆள். இப்படி ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும், பீஸில் அவருக்குப் பங்கு தருவதும் வழக்கறிஞருக்குத் தடை. ஜெயித்தால் மட்டும் பீஸ் என்று ஒப்பந்தம் போடுவதையும் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. வழக்கின் வெற்றியில் லாயருக்கே பங்கு இருந்தால், உங்கள் காலுக்கு என்ன நியாயமோ அதைப் பார்க்க மாட்டார். எவ்வளவு சீக்கிரம் பணம் வரும் என்று பார்ப்பார். அவசரப்படவும் தேவையில்லை. தீபகற்பத்தில் காயத்துக்கு 6 ஆண்டு, உயிரிழந்தவரின் குடும்பம் கேட்கும் இழப்பீட்டுக்கு 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

கடைசியாக எங்களைப் பற்றி, அதாவது இயக்கத்தில் இருக்கும் வழக்கறிஞர்களைப் பற்றி. தடுப்புக் காவலில் ஒருவர் இறந்துபோகிறார். மனைவி அரசாங்கத்தின் மீது வழக்குப் போடுகிறார். அதற்கு 36 மாதம்தான் காலக்கெடு. வழக்கு நடக்கும்போது, தவற்றை ஒப்புக்கொள்ளாமல் ஒரு தொகை தருகிறோம் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. "வாங்கக் கூடாது, உண்மை நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும்" என்கிறது இயக்கம். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் அவருக்கு மூன்று பிள்ளைகள், வாடகை பாக்கி. இறந்தவர் அந்தப் பெண்ணின் கணவர், நம் சுவரொட்டி அல்ல. அவர்கள் தரச் சொன்ன தொகையை மறைக்காமல் அவரிடம் சொல்லி, இரண்டு வழியிலும் என்ன வரும், என்ன போகும் என்று விளக்கி, அவர் சொல்வதைச் செய்வதுதான் வழக்கறிஞர் கடமை. அது முடியாவிட்டால் கோப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் பணத்தை வாங்கிக்கொண்டால் சமுதாயத்துக்குத் துரோகம் செய்தார் என்று யாரும் பேசாதீர்கள். போராட விரும்பினால், வாடகைக்கு நாம்தான் கைகொடுக்க வேண்டும்.

சில நடைமுறை விஷயங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அலுவலக ரசீது கேளுங்கள். உங்கள் இழப்பீட்டுப் பணத்தை வழக்கறிஞர் தன் சொந்தப் பணத்தோடு கலக்கக் கூடாது. அதைத் தனியாகக் கட்சிக்காரர் கணக்கில் வைக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கு கேட்பது உங்கள் உரிமை. தவறு நடந்தால் வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்துக்கு எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். தொழிலிலிருந்தே ஒருவரை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

பணம் இல்லையென்றால் வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். கைதான மலேசியக் குடிமக்களுக்கு 2012 முதல் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் வழியாக வழக்கறிஞர்கள் வருகிறார்கள். மணவிலக்கு, ஜீவனாம்சம் போன்ற குடும்ப வழக்குகளுக்கு ஜபாத்தான் பந்துவான் குவாமான் இருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. வேலையை விட்டு அநியாயமாக நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறைக்குப் போங்கள். 61ஆவது நாள் வந்தால் எந்த லாயராலும் உதவ முடியாது.

அடுத்த முறை ஒரு வழக்கறிஞர் முன் உட்காரும்போது, "இந்தக் கோப்பில் கட்சிக்காரர் யார், நீங்கள் யார் பேச்சைக் கேட்பீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல வழக்கறிஞருக்கு அதில் கோபம் வராது.