கணக்குக்கும் ஒரு கூட்டாளி வேண்டும்

(தேசிய கணித நாளையொட்டி நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். நன்றி. நான் பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். உயர் கணிதம் எனக்குத் தெரியாது. கணிதம் படித்தவர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். அதில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பயன் இருக்கிறது.

வங்கியில் ஒரு பழைய விதி உண்டு. வவுச்சரை எழுதியவரே அதைப் பாஸ் செய்யக்கூடாது. ஒருவர் பதிய வேண்டும், மற்றவர் சரிபார்க்க வேண்டும். எழுதியவர் மேல் நம்பிக்கை இல்லாமல் வந்த விதி என்று நினைக்காதீர்கள். தன் பிழை தன் கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான். கணிதத்திலும் இதே கதைதான்.

சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று நமக்குப் பக்கத்து ஈரோட்டில் பிறந்தார். அதனால்தான் அந்த நாள் கணித நாள். தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர் என்றே அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

1912இல் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்தவர் நாராயண ஐயர். அவரும் கணிதம் படித்தவர். அலுவலகம் முடிந்த பிறகு இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு இரவில் கணக்குப் போடுவார்களாம். ராமானுஜன் இரண்டு வரியில் முடித்துவிடுவார். நடுவில் இருக்கும் படிகள் எல்லாம் அவர் மனதுக்குள் நடந்துவிடும். நாராயண ஐயர் விடமாட்டார். எனக்குப் புரியும்படி இறங்கி வந்து, நடுப்படிகளையும் எழுது என்று கேட்பாராம். ராமானுஜனுக்கு இணையான மூளை அவருக்கு இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

1913 ஜனவரி 16 அன்று ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் எழுத்தர் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். அதற்கு முன் எழுதிய வேறு இருவரால் பயன் ஏதும் கிடைக்கவில்லை. ஹார்டி அந்தக் கடிதத்தைத் தன் நண்பர் லிட்டில்வுட்டுடன் சேர்ந்து உட்கார்ந்து படித்தார். அதில் அசல் தங்கமும் இருந்தது, பகா எண்களைப் பற்றிய ஒரு தவறான முடிவும் இருந்தது. ஹார்டி உடனே பதில் எழுதி, நிரூபணங்களை அனுப்பச் சொன்னார். நாராயண ஐயர் சிலேட்டில் கேட்டதைத்தான் ஹார்டி தபாலில் கேட்டார்.

1914இல் ராமானுஜன் கப்பலேறினார். அங்கே இருவரும் சேர்ந்து செய்த வேலையில் ஒன்றை உங்களுக்கு எளிதாகக் காட்டலாம். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 10 என்றால் 42 விதம். 100 என்றால் 19,05,69,292 விதம். 200 என்றால்? மக்மகோன் என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி கையாலேயே கணக்கிட்டுச் சொன்னார்: 39,72,99,90,29,388. ஏறக்குறைய நான்கு லட்சம் கோடி.

ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் இதற்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அதன் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினாலே மக்மகோனின் விடை வந்துவிடுகிறது. மிச்சம் 0.004 மட்டும். இவ்வளவு துல்லியமாக வந்தே தீரும் என்று விடாப்பிடியாக நின்றவர் ராமானுஜன். அதை நிரூபிக்கும் முறைகளைக் கையில் வைத்திருந்தவர் ஹார்டி. சரிபார்க்க மக்மகோனின் பட்டியல் இருந்தது. ஒருவரை எடுத்துவிட்டாலும் கணக்கு டேலி ஆகாது.

ஹார்டியும் லிட்டில்வுட்டும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூட்டாளிகள். அவர்களுக்குள் நான்கு விதிகள் இருந்ததாக ஹரால்ட் போர் என்ற கணிதவியலாளர் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கொருவர் எழுதுவது சரியா தவறா என்பது பொருட்டில்லை. வந்த கடிதத்தைப் படித்தே ஆக வேண்டும், பதில் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. இருவரும் ஒரே விவரத்தில் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஒருவர் ஒரு வரிகூடச் செய்யாவிட்டாலும் கட்டுரை இருவர் பெயரிலும் வரும்.

முதல் விதியைக் கேட்டால் வங்கிக்காரனுக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால் யோசித்துப் பாருங்கள். லெட்ஜரில்தான் தவறு கூடாது, கணக்குப் போட்டுப் பார்க்கும் துண்டுத்தாளில் இருக்கலாம். தவறாகிவிடுமோ என்று பயந்தால் நண்பனிடம் வாயே திறக்க முடியாது. நான்காவது விதி வணிகவியல் படித்தவர்களுக்குப் புதிதில்லை. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபம் சமபங்கு என்றுதான் சொல்கிறது. யார் எவ்வளவு செய்தார்கள் என்று தினமும் கணக்குப் பார்த்தால் எந்தக் கூட்டும் நிற்காது.

தூரமும் இதற்குத் தடை இல்லை. செங்கோட்டைக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். அவருடைய நண்பர் சௌலா சில காலம் வால்டேரிலும், பிறகு லாகூரிலும் இருந்தார். கடிதத்திலேயே கணக்குகளைப் பரிமாறி, கட்டுரைகளும் சேர்ந்து எழுதினார்கள். கையில் இருந்தது தபால் ஒன்றுதான்.

இப்போது மாரமங்கலத்துக்கு வருகிறேன். நம் பிள்ளை கணக்கில் ஓர் இடத்தில் நின்றுவிட்டால் கேட்க ஆள் இல்லை. நல்ல டியூஷன் வேண்டுமென்றால் மலை இறங்கிச் சேலம் போக வேண்டும், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகூட, பதினொன்றில் கணக்கு இல்லாத பிரிவாகப் பார்த்துச் சேர்கிறது. அறிவுக் குறைவால் இல்லை, துணை இல்லாததால். அந்த ஒரு முடிவில் எத்தனை படிப்புகளின் கதவு சாத்திக்கொள்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

"எங்களுக்குக் கணக்கு தெரியாதே" என்பீர்கள். தெரிய வேண்டாம். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வரியிலிருந்து அந்த வரி எப்படி வந்தது, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லும்போதே பாதித் தவறு அதற்கே தெரிந்துவிடும். தவறாகச் சொன்னால் அதட்டாதீர்கள். அதுதான் முதல் விதி.

சங்கத்திடம் ஒரு கோரிக்கை. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் நம் அறையைத் திறந்து வையுங்கள். ஒரு கரும்பலகை போதும். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து கணக்குப் போடட்டும். ஒருவர் போட, மற்றவர் சரிபார்க்கட்டும். மேற்பார்வைக்கு நான் வருகிறேன். பொறியியல், அறிவியல் படித்துவிட்டு ஊருக்கு விடுமுறையில் வரும் இளைஞர்களும் ஒரு மணி நேரம் தரலாம். பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் கொடுங்கள்.

நம் ஊரிலிருந்து ராமானுஜன் வருவாரா என்பது நம் கையில் இல்லை. நாராயண ஐயராக இருப்பது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.