இதயமும் ஒரு பம்புதான்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவனுக்கு இதயத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். இதயமும் ஒரு பம்புதானே! சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. வேகமாக ஓடினால் 20 லிட்டர். நன்கு பழகிய ஓட்டக்காரருக்கு 35 லிட்டரைக்கூடத் தொடும்.

நம்ம ஊர் ரிக் வண்டி கம்ப்ரசருக்கு லோடு கூட்டினால் தேய்மானம்தான் மிஞ்சும். இதயமோ லோடுக்கு ஏற்பத் தன்னை வளர்த்துக்கொள்கிறது. அறைகள் விரிகின்றன, சுவர் சற்றுத் தடிக்கிறது, ஓய்வில் நாடி 40, 50-க்கு இறங்குகிறது. ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷன் 1899-லேயே பனிச்சறுக்கு வீரர்களின் மார்பைத் தட்டிப் பார்த்து இதைச் சொன்னார். இது நோயல்ல. பயிற்சியை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

அப்படியானால் ஆபத்து எங்கே? பரம்பரையாக இதயத் தசை தடிக்கும் கோளாறு சுமார் 500 பேரில் ஒருவருக்கு உண்டு. வெளியே தெரியாது. கடும் ஆட்டத்தின் நடுவே துடிப்பு தாறுமாறாகலாம். 35 வயதைத் தாண்டும் நம்மைப் போன்றோருக்கு ரத்தக்குழாய் அடைப்புதான் முக்கிய எதிரி. வருஷம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு, இன்றைக்கு மட்டும் வாலிபால் கோர்ட்டில் பழைய ஆட்டம் ஆடுகிறோமே, அங்கேதான் கவனம் வேண்டும்.

2012 மார்ச்சில் பெங்களூர் மைதானத்தில் கால்பந்து வீரர் வெங்கடேஷ் சுருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் இல்லை, ஆட்டோவில் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் எரிக்சன் விழுந்தார். களத்திலேயே மார்பை அழுத்தி, டிஃபிப்ரிலேட்டரால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் மறுபடி ஆட வந்துவிட்டார்.

மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. புதுச்சத்திரத்திலிருந்து ஹைவேயில் எவ்வளவு விரட்டினாலும் நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரி போய்ச்சேரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சங்கத்தின் சார்பில் நம் மைதானத்துக்கு அந்த இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுப்போம். என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசிச் சொல்லும். மார்பை அழுத்தும் முறையை மாணவர்கள் எல்லோரும் பழகட்டும். தம்பிகளே, ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால், வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், மறைக்காமல் சொல்லி இசிஜி எடுத்துப் பாருங்கள். டீமிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள்.

என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன். மற்ற பேட்ச் நண்பர்கள் கிளம்புவதற்குள் பெயர் கொடுத்தால் நல்லது.