ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்

(கச்சிராயபாளையத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



உங்களில் சிலர் எங்களிடம் உரிமையோடு ஒரு கேள்வி கேட்டீர்கள். "மலைக்கென்று பிக்கப் வண்டி வாங்கிக் கொடுத்தோமே, பிறகு ஏன் வருஷாவருஷம் வண்டிச் செலவு என்று ஒரு தொகை கணக்கில் வருகிறது?" நியாயமான கேள்விதான். கணக்குப் புத்தகத்தை விரித்து வைப்பதைவிட, அந்த வண்டி மலையில் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறது என்று சொன்னால் எளிதில் விளங்கும்.

நம் ஊருக்கு மேற்கே தெரிகிற கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. வடக்கே சின்னக் கல்வராயன் ஏறக்குறைய 2,700 அடி உயரம். தெற்கே பெரிய கல்வராயன் ஏறக்குறைய 4,000 அடி. அங்கே வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். 1976-இல் அரசு பொறுப்பேற்கும் வரை இம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. ஆகையால் சாலையும் பள்ளியும் மருத்துவமும் இங்கே தாமதமாகவே வந்தன. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024-இல் கருணாபுரம் கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து இம்மலை மக்களின் நிலைமையை விசாரணைக்கு எடுத்தது. சாலை வசதியும் அந்த விசாரணையில் பேசப்பட்டது.

இப்போது எங்கள் ஒரு நாளைக் கேளுங்கள். விடியுமுன்பே ஓட்டுநர் தம்பி வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பார். பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், டயரின் காற்று, ஸ்டெப்னி, ஜாக்கி, கயிறு, மண்வெட்டி, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு மரக்கட்டைகள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வண்டியை எடுக்க மாட்டார். மருந்துப் பெட்டிகள் பின்பக்கத் தொட்டியில் ஏறும். டாக்டரும் நர்சும் நாங்களும் கேபினில் ஏறுவோம். கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலை வரையில் தார்ச்சாலை. அதற்கப்பால் குக்கிராமங்களுக்குப் பிரிகிற தடங்களில்தான் உண்மையான பிரயாணம் தொடங்குகிறது.

தார் முடிகிற இடத்தில் தம்பி இறங்கி டயர் காற்றைக் கொஞ்சம் குறைப்பார். காற்று குறைந்த டயர் கல்லின்மேல் அகலமாகப் படிந்து பிடிக்கும். பிறகு நான்கு சக்கர இயக்கத்தைப் போடுவார். சாதாரணமாக எஞ்சினின் வலு பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகும். அதில் ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால், அந்தச் சக்கரம் வீணாய்ச் சுழலுமே தவிர வண்டி நகராது. முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும்போதுதான் ஏறும். இன்னும் செங்குத்தான இடத்தில் 'லோ' போடுவார். எஞ்சின் வேகமாய்ச் சுற்றும், சக்கரம் மெல்லச் சுற்றும். ஆனால் வலு பெருகும். மனிதன் நடக்கிற வேகத்தில் வண்டி போகும்.

ஓடை குறுக்கிட்டால் முதலில் தம்பி கையில் கம்போடு நடந்து கடப்பார். ஆழத்தையும் அடியிலுள்ள கற்களையும் பார்த்துக்கொண்ட பிறகே வண்டியை இறக்குவார். நடுத்தண்ணீரில் கியர் மாற்றுவதில்லை, நிறுத்துவதுமில்லை. கரையேறியதும் பிரேக்கை மெல்ல மிதித்து மிதித்து உலர்த்துவார்.

அன்றைக்கு ஒரு ஊரில் சிகிச்சை முடித்துப் புறப்படுகையில், அடுத்த மலைச்சரிவிலிருந்து டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். ஒரு கழியில் போர்வையைக் கட்டி, அதற்குள் பிரசவ வேதனைப்படுகிற ஒரு பெண். ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வந்திருந்தார்கள். அந்தச் சரிவுக்கு எங்கள் வண்டியும் போக முடியாது. வண்டி நிற்கிற இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற தூரத்தை இன்னமும் மனிதத் தோள்கள்தான் கடக்கின்றன.

அந்தப் பெண்ணைப் பின்னிருக்கையில் படுக்கவைத்து நர்ஸ் கூடவே உட்கார்ந்தார். வானம் கறுத்திருந்தது. மாமியார் பொறுக்க முடியாமல், "தம்பி, கொஞ்சம் வேகமா ஓட்டுப்பா" என்று கெஞ்சினார். தம்பி திரும்பிப் பாராமலே சொன்னார்: "வேகமா போனா வழியிலேயே நின்னுடுவோம்மா. மெதுவா போனா போய்ச் சேர்ந்துடுவோம்."

மலை ஓட்டுநர்களிடம் ஒரு பாடம் உண்டு: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. கீழ்க்கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மாத்திரம் நம்பி மிதித்துக்கொண்டே இறங்கினால், லைனிங் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயில் கொதித்தால் மிதி வெறுமையாய் உள்ளே போகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிடுகிறவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களுக்காக ஜெபிக்கத்தான் முடியும்.

வண்டி மெல்ல இறங்கியது. மழை எங்களுக்குப் பின்னால் பிடித்தது. மருத்துவமனை வாசலை அடைந்து ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை வசதி இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர முடியவில்லை. திரும்பும்போது பிள்ளையின் உடலைத் தாய் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தார். அதற்கு முந்தின வருஷம், 2022 ஏப்ரலில், ஜவ்வாது மலையில் கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி கவிழ்ந்து 11 பேர் மாண்டார்கள். வண்டி இல்லாததும் மரணம். தகாதபடி ஓட்டுகிற வண்டியும் மரணம். ஆகையால் எங்கள் வண்டியின் தொட்டியில் ஆள் ஏற்றுவதில்லை என்று உறுதியாய் இருக்கிறோம். சந்தைக்குப் போகிற பாட்டி மூட்டையோடு கைகாட்டும்போது இடமில்லை என்று சொல்வது எங்களுக்குக் கடினம். ஆனாலும் சொல்லுகிறோம்.

2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதனோடு எங்களுக்குப் போட்டியில்லை. அது வந்து நிற்கக்கூடிய சாலை வரை நோயாளியைக் கொண்டு சேர்த்த நாட்களும் உண்டு.

மருத்துவர் வண்டியேறிப் போவது புதிய காரியமுமல்ல. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் முதலில் மாட்டுவண்டியில் கிராமங்களுக்குப் போனார். 1909-இல் பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ கார் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதைக் கண்டு மக்கள் முதலில் பயந்து ஓடினார்கள். பின்பு வழியோர மரத்தடிகளில் அதற்காகவே காத்திருந்தார்கள். காரணம், அது குறித்த நாளில் தவறாமல் வந்தது. ஒரு முறை வந்த வண்டியை ஜனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மறுபடியும் மறுபடியும் வருகிற வண்டியைத்தான் நம்புவார்கள். மலையில் நாங்கள் சம்பாதிக்க வேண்டியது அந்த நம்பிக்கையே.

அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. சமவெளியில் நெடுநாள் உழைக்கிற டயர் மலைக்கற்களில் சீக்கிரம் கிழிகிறது. கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ஸ்பிரிங் பட்டை எல்லாமே அப்படித்தான். ஓட்டுநருக்குக் காய்ச்சல் வந்தால், அந்தத் தடத்தை அறிந்த இன்னொருவர் வேண்டும். வண்டியின் கதவில் கொடுத்தவர் பெயரை எழுதி வைக்கலாம். பிரேக் லைனிங்கில் யார் பெயரை எழுதுவது? ஆனால் அந்தப் பெண்ணைப் பத்திரமாய் இறக்கிக் கொண்டுவந்தது பெயர் எழுதாத அந்த லைனிங்தான்.

நல்ல சமாரியனின் உவமையை நீங்கள் அறிவீர்கள். அது நடப்பதும் ஒரு மலைப்பாதையில்தான். எருசலேம் ஏறக்குறைய 2,500 அடி உயரத்திலும், எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழேயும் இருக்கின்றன. நடுவே இறக்கமான வழி. அவன் காயப்பட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றினான் என்று நாம் பிரசங்கிக்கிறோம். அதோடு அவன் நிறுத்தவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான்; அதற்குமேல் செலவானாலும் திரும்பி வருகையில் தருவதாக ஒப்புக்கொண்டான். ஏற்றிவிட்டதோடு தன் கடமை தீர்ந்தது என்று அவன் எண்ணவில்லை.

நீங்கள் எங்களை மலைமேல் ஏற்றிவிட்டீர்கள். அதே கியரில் எங்களோடுகூட இறங்கியும் வாருங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் நான்கு டயர்களும் ஒரு செட் பிரேக் லைனிங்கும் மாற்ற வேண்டியிருக்கிறது. வண்டி வாசலிலேயே நிற்கிறது. தேநீருக்குப் பின் வந்து குனிந்து பாருங்கள். டயரில் பூ எவ்வளவு மிச்சம் என்று தம்பி காட்டுவார்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.