சாபியும் சாவியும்



பள்ளி இறுதி வகுப்போடு நின்று, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டும் எங்களுக்கு மொழியாராய்ச்சி பற்றிப் பேசத் தகுதி உண்டா என நீங்கள் வினவலாம். தகுதி இல்லை, ஆனால் வீட்டில் பட்ட அனுபவம் உண்டு.

சென்ற கோடையில் கும்பகோணத்திலிருந்து எங்கள் அன்னையார் இங்கு ஜபல்பூருக்கு வந்திருந்தார். எட்டு வயது மகன், "பாட்டி, அலமாரி சாபி எங்கே?" என்றான். "தமிழில் பேசத் தெரியாதா?" என்று கடிந்தோம். பையன் வாயை மூடிக்கொண்டான். இரண்டு நாள் பாட்டியின் பக்கமே செல்லவில்லை. இந்திச் சொல்லைத் துரத்தப் போய், இருந்த தமிழையும் அன்றோ துரத்திவிட்டோம்!

பின்னர் இதுபற்றிப் படித்தபோதுதான் எங்கள் பிழை விளங்கிற்று. பிரெஞ்சும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த, இரண்டு வயதையொட்டிய ஐந்து குழந்தைகளைப் பற்றி மாண்ட்ரியல் நகர ஆராய்ச்சியாளர் 1995இல் எழுதினர். அக்குழந்தைகள் குழம்பவில்லை, தாயிடம் எம்மொழி, தந்தையிடம் எம்மொழி என்பதை அறிந்திருந்தனர். வலுக்குறைந்த மொழியில் பேசும்போதே மற்ற மொழியை மிகுதியாகக் கலந்தனர்.

நம் காலனிப் பிள்ளைகளையும் கவனியுங்கள். இந்தி பேசுகையில் தமிழ் நுழைவதில்லை. தமிழ் பேசுகையிலேதான் இந்தி நுழைகின்றது. பள்ளியும் விளையாட்டும் இந்தியில். தமிழுக்கு மிஞ்சுவது இரவு உணவு நேரமே. ஆகவே இது அவமதிப்பன்று, கையிருப்புக் குறைவு.

1999இல் மியூட்டர், ஆல்போர்ட் என்னும் இருவர், இருமொழி அறிந்த வயதுவந்தோரை எண்களை மொழி மாற்றி மாற்றிக் கூறச் செய்தனர். வியப்பு யாதெனில், வலுவான மொழிக்குத் திரும்பவே கூடுதல் நேரம் பிடித்தது. மெலிந்த மொழியைப் பேசும்போது வலுவானதை அடக்கி வைக்க வேண்டியிருப்பதே காரணம் என அவர்கள் விளக்கினர். அங்ஙனமாயின், தமிழ் பேசும் நம் குழந்தை இந்தியை அடக்கிக்கொண்டன்றோ பேசுகின்றது! அம்முயற்சிக்குப் பாராட்டு வேண்டாவா?

மூன்றாம் நாள் அன்னையார் பேரனை அழைத்து, "கண்ணா, நீ கேட்ட சாவி இதோ இருக்கு" என்று கையில் கொடுத்தார். "சாவி கிடைச்சுது பாட்டி!" என்றான் அவன். சாபி, சாவி இரண்டுமே போர்த்துகீசியச் சொல்லொன்றின் வழி வந்தவை என்பதையும் பிறகே அறிந்தோம். இரவல் சொல்லுக்காகவா பிள்ளையைக் கடிந்தோம் என நாணினோம்.

பெற்றோர்களே! கடிதல் தமிழை வளர்க்காது. சொல்லை எடுத்துக் கொடுங்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் அவர்களோடு தமிழில் உரையாடுங்கள். ஊரில் ஒரு பாட்டி, பேரன் குரலுக்குக் காத்திருக்கிறார்.