கோயில் அடைத்திருந்த நாட்களில்

மனிதன் கூடி வாழப் பிறந்தவன். உழைப்பதற்கும் உண்பதற்கும் மட்டுமன்றித் தொழுவதற்கும் அவன் கூட்டத்தையே நாடுகிறான். கத்தோலிக்கராகிய எங்களுக்கோ, கூடி வழிபடுதல் விருப்பம் மாத்திரமன்று, கடமையுமாகும். ஞாயிறுதோறும் திருப்பலியிற் பங்கு கொள்ள வேண்டுமென்பது திருச்சபையின் கட்டளை. அக்கட்டளையைத் தந்த திருச்சபையே, “கோயிலுக்கு வர வேண்டா, வீட்டிலிருந்தே செபியுங்கள்” என்று கூற நேர்ந்த காலம் ஒன்று நம் வாழ்நாளிலேயே வந்தது. அந்நாட்களில் மைசூரில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கர் எதை இழந்தோம், எதைப் பெற்றோம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. மைசூருக்கு அண்மையிலுள்ள நஞ்சன்கூட்டில் கொரோனாத் தொற்று விரைந்து பரவியதால் எங்கள் மாவட்டத்தில் அச்சம் மிகுந்திருந்தது. இரயில்கள் நின்றன. மாநில எல்லைகள் அடைபட்டன. புனித பிலோமினா பேராலயத்தின் கதவுகளும் சாத்தப்பட்டன. 1933-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய கோயில் அது. 175 அடி உயரமுள்ள அதன் இரட்டைக் கோபுரங்கள் தெருவிலிருந்து பார்ப்போர்க்கு முன்போலவே தெரிந்தன. உள்ளே செல்லத்தான் வழியில்லை.

அது தவக்காலம். ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. 10 பெரிய வெள்ளி. 12 உயிர்ப்புப் பெருவிழா. ஆண்டின் மிகப் புனிதமான வாரம் முழுவதையும் நான்கு சுவர்களுக்குள் கழித்தோம். குருத்தோலை கிடைக்காத வீடுகளில் கையிற் கிடைத்த பச்சிலையை வாசலிற் செருகினோம். பெரிய வெள்ளியன்று வீட்டுச் சுவரிலிருந்த சிறு சிலுவையை இறக்கி வைத்து முத்தி செய்தோம். உயிர்ப்பு இரவில் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றினோம். மணியோசை மட்டும் இல்லை.

திருப்பலியைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கண்டோம். காற்றில் வரும் குரல் எங்கள் ஊருக்குப் புதியதன்று. பேராசிரியர் கோபாலசுவாமி 1935-இல் தம் இல்லத்தில் வானொலி நிலையம் ஒன்று அமைத்து, அதற்கு ‘ஆகாசவாணி’ எனப் பெயர் வழங்கிய நகரம் இது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்று குரலைக் கொணரும், நற்கருணையைக் கொணராது. பந்தியைக் கண்ணாற் கண்டும் உண்ண இயலாதவனின் பசி எத்தகையது என்பதை அன்று அறிந்தோம். உட்கொள்ள இயலாதபோது உள்ளத்தால் விரும்பிப் பெறும் ‘ஞான நற்கருணை’ என்ற பழைய வழக்கம் எங்கள் செபப் புத்தகங்களில் இருந்தது. புரட்டிப் பாராத அப்பக்கம் அன்றாட உணவாயிற்று. ஞாயிறுதோறும் எளிதிற் கிடைத்ததைப் பழக்கத்தினால் மட்டும் பெற்றுவந்தோமோ என்ற வினாவும் எழுந்தது. பசியே அதற்கு விடை கூறிற்று.

இன்னொரு பேறும் வாய்த்தது. மொழிவாரி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் யாவும் இதனை உணரும். எங்கள் பிள்ளைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கற்பவர்கள். தமிழ்ச் செபங்கள் பாட்டிமார் நாவிலே மட்டும் நின்றிருந்தன. ஊரடங்கின் மாலைகளில் குடும்பம் முழுதும் அமர்ந்து செபமாலை சொல்லத் தொடங்கியபோது, ‘ஐம்பத்துமூன்று மணிச் செபம்’ என்ற பழம்பெயரின் பொருளைப் பேரன் கேட்டான். பாட்டி மணிகளை எண்ணிக் காட்டினாள். ஒரு மாதத்திற்குள் பேரன் முன்னின்று செபித்தான், பாட்டி பின்தொடர்ந்தாள். கோயிற் கதவு அடைபட்ட காலத்தில் வீடு கோயிலாயிற்று என்பது வெறும் அலங்காரச் சொல்லன்று.

ஆனால், நேயர்களே, துயரத்தை மறைத்து நன்மையை மட்டும் எண்ணிக் காட்டுவது நேர்மையாகாது. தாயகத்தில் பெற்றோர் இறந்த செய்தி கைப்பேசியில் வந்தது. புறப்பட வழியில்லை. சத்தியமங்கலம் மலைப்பாதையைக் கடந்தால் தமிழ்நாடு. ஒரு பகற்பொழுதில் சென்றடையும் ஊர்களே பலருக்கும் சொந்த ஊர்கள். அவை கடல் கடந்த நாடு போலாயின. அடக்கத்திற்கு இருபது பேருக்கு மேற் கூடலாகாது என்பது அன்றைய விதி. குழியில் ஒரு கைப்பிடி மண் இடும் கடமையைக்கூடப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, மைசூரில் ஓர் அறையில் முழந்தாளிட்டிருந்த மக்கள் எத்தனையோ பேர். ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியிற் கொடியேறிற்று; யாத்திரிகர் கூட்டம் இல்லை. ஆண்டுதோறும் மயிலாடுதுறை இரயிலேறி அன்னையைக் காணச் செல்பவர்கள், இறந்தோருக்காகச் செலுத்த வேண்டிய மெழுகுவர்த்தியை வீட்டிலேயே ஏற்றினர்.

“கடவுள் எங்கே?” என்று அப்போது கேட்டவர்களை நாங்கள் கடிந்துகொள்ளவில்லை. மார்ச்சு 27 மாலையில் உரோமாபுரியில், மழையில் நனைந்த வெறுமையான பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று செபித்த காட்சியை உலகம் கண்டது. 1522-இல் அந்நகரிற் கொள்ளைநோய் பரவியபோது மக்கள் சுமந்து சென்ற பழைய சிலுவை அங்கு வைக்கப்பட்டிருந்தது. சிலுவையில் தொங்கியவரும் தாம் கைவிடப்பட்டதாகக் கதறியவரே. ஆகவே, அவ்வினா விசுவாசத்திற்குப் புறம்பானதன்று. அதன் உள்ளிருந்தே எழுவது.

விசுவாசம் நோயைத் தடுக்கும் தாயத்தன்று. கோயிலுக்குள் தொற்று வாராது என்று எண்ணியவர்கள் உலகெங்கும் இருந்தனர். நோய் அவர்களுக்கு விலக்களிக்கவில்லை. முதியவர் ஒருவரின் உயிரைக் காக்கும்பொருட்டுக் கதவைச் சாத்துவதும் பிறரன்பின் செயலே. அவ்வாண்டில் இரமலான் தொழுகை வீடுகளில் நிகழ்ந்தது; தசராவின் யானை ஊர்வலம் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே அடங்கிற்று. சமயங்கள் யாவும் ஒரே தவத்தை மேற்கொண்டன எனலாம்.

மைசூர்க் கத்தோலிக்கருக்கு இப்பாடம் புதியதும் அன்று. 1799-இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு வந்து, சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்று சேர்த்தவர் பிரெஞ்சுக் குருவான துபுவா அடிகள். நம் நாட்டு உடையுடுத்தி, நம் நாட்டு வழக்கங்களைக் கைக்கொண்டு வாழ்ந்தவர் அவர். அம்மைப்பால் குத்தும் முறை 1802-இல் இந்தியாவுக்கு வந்தது. மக்கள் அதனைக் கண்டு அஞ்சினர். துபுவா அடிகள் அப்பணியைத் தாமே மேற்கொண்டு, 1803, 1804 ஆண்டுகளில் மைசூர்ச் சீமையில் இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்மைப்பால் பெறச் செய்தார். செபமாலையும் மருந்தும் அவர் கைகளில் ஒன்றையொன்று பகைக்கவில்லை. அம்மைநோய் உலகினின்று ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பட்டபோது, அவ்வெற்றியில் அவர் உழைப்பின் ஒரு துளியும் கலந்திருந்தது. 2021 சனவரி 16-இல் கொரோனாத் தடுப்பூசி நம் நாட்டில் தொடங்கிய பின், எங்கள் மூத்தோரை ஊசி போடும் இடத்திற்கு அழைத்துச் சென்றோம். அதுவும் நன்றிக்கடனே.

நன்றி என்பது வாயுரையன்று. கடனை அறிந்து திருப்புதல். விடியுமுன் தெருக்கூட்டிய பௌரகார்மிகர், வாரக்கணக்கில் தம் பிள்ளைகளைத் தொடாத செவிலியர், பால் கொணர்ந்தவர், நோயுற்ற தமிழ் வீட்டின் வாசலிற் சோற்றுப் பாத்திரம் வைத்துச் சென்ற கன்னட அண்டை வீட்டார் ஆகிய இவர்கள் யாவருக்கும் நாம் கடன்பட்டவர்கள். “வெளியூரில் நமக்கு யார் இருக்கிறார்?” என்று முணுமுணுக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. யார் இருக்கிறார் என்பதை அந்நாட்கள் காட்டின.

இனி நம்பிக்கை. புனித பிலோமினாவின் வரலாற்றில் உறுதியாக அறியக்கூடியது மிகச் சிறிது. 1802-இல் உரோமாபுரியின் கல்லறைச் சுரங்கம் ஒன்றில் அவர் பெயர் பொறித்ததாகக் கருதப்பட்ட ஓடுகளும் எலும்புகளும் கிடைத்தன. 1961-இல் அவர் விழா திருச்சபையின் வழிபாட்டு நாட்காட்டியினின்று நீக்கப்பட்டது. ஆயினும், அவரை நாடி வருவோர் கூட்டம் மைசூரிற் குறையவில்லை. பேராலயத்தின் பலிபீடத்தின் கீழே, படியிறங்கிச் செல்லும் நிலவறையில் அவர் உருவம் வைக்கப்பட்டுள்ளது. உரோமையிற் கிடைத்த அவ்வோடுகளில் தீட்டப்பட்ட சித்திரங்களுள் ஒன்று நங்கூரம். ஆதிக் கிறிஸ்தவர்க்கு நங்கூரமே நம்பிக்கையின் அடையாளம்.

ஏன் நங்கூரம்? மிதக்கும் கப்பலைக் காண்கிறோம். வீசும் அலையைக் காண்கிறோம். கப்பலைப் பற்றி நிற்பதோ நீருக்கடியில், கண்ணுக்குப் புலப்படாத ஆழத்தில் இருக்கிறது. புயல் ஓய்ந்துவிடும் என்று அது வாக்களிப்பதில்லை. புயலிற் கப்பல் அடித்துச் செல்லப்படாமல் நிறுத்துவதே அதன் தொழில். நாளையே நோய் நீங்குமென எண்ணியிருந்தோர் நாள்தோறும் ஏமாந்தனர். நாளையும் நீங்காவிடினும் நாம் கைவிடப்பட்டவரல்லர் என்று எண்ணியிருந்தோர் நிலைத்து நின்றனர்.

2020 சூன் 8 முதல் கோயில்கள் திறக்கலாயின; பின்னர் மீண்டும் அடைத்தன; மீண்டும் திறந்தன. 2023 மே 5-இல் உலக நலவாழ்வு நிறுவனம் நெருக்கடி நிலை முடிவுற்றதாக அறிவித்தது. இப்போது பேராலய மணி ஒலிக்கிறது, கூட்டம் கூடுகிறது. கூட்டம் திரும்பியதும் வீட்டுச் செபமாலை நின்றுவிட்ட இல்லங்களும் உண்டு. சோற்றுப் பாத்திரம் வைத்துச் சென்ற அண்டை வீட்டாரின் பெயரை மறந்த இல்லங்களும் உண்டு.

ஆதலால், பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே, எச்சமயத்தவராயினும் இவ்வாரம் ஒரு மாலையேனும் குடும்பத்தோடு அமர்ந்து தாய்மொழியில் இறைவனைத் தொழுங்கள். அன்று உதவியவர் வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரியுங்கள். தனித்து வாழும் முதியவர் ஒருவர் உங்கள் தெருவில் இருப்பார். அவருக்கு ஊரடங்கு இன்னும் நீங்கியபாடில்லை. அவரிடம் செல்லுங்கள்.